வீட்டோடு வந்த நீர்வீழ்ச்சித் தொட்டி: கோளாறைப் பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் உவர்மலை, அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கம் வீடு வாங்குகிறவர்களில் சிலருக்கு வளவுக்குள் ஒரு மீன் தொட்டியும், அதன் தலைமாட்டில் கருங்கல் அடுக்கிய சின்ன நீர்வீழ்ச்சியும் சேர்ந்தே கிடைக்கிறது. கட்டினவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். பைப் எந்தப் பக்கத்தால் ஓடுகிறது, அடியில் கொங்கிறீட்டா தண்ணீர் புகாத விரிப்பா, பம்ப் எத்தனை வருடம் பழசு என்று கேட்க ஆளில்லை. புதுச் சொந்தக்காரர் கையில் இருப்பது ஒரு சுவிச் மட்டும்.

அந்தச் சுவிச் போதும், பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்க. உளி, சீமெந்து, புதுப் பம்ப் என்று யோசிக்க முன்னர் பம்பை நிறுத்திவிட்டு என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று பாருங்கள். ஒழுகுகிறது என்று சொல்லி என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் தொட்டி நன்றாகவே இருந்தது. தண்ணீர் போன இடம் மேலே, நீர்வீழ்ச்சியில்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்குள் கை வைக்க முன் பிளக்கையே கழற்றிவிடுங்கள். சுவிச்சை அணைத்தது போதாது. பழைய வயரிங்கில் சுவிச் நியூட்ரலை மட்டும் வெட்டிவிட்டு, லைனை அப்படியே விட்டிருக்கக் கூடும்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

முதலில் எவ்வளவு குறைவது நியாயம் என்று தெரியவேண்டும். மே தொடங்கி செப்ரெம்பர் வரை கச்சான் அடிக்கும்போது, தரைப் பக்கமிருந்து வரும் அந்தச் சூடான காய்ந்த காற்றில் எந்தத் திறந்த தொட்டியும் நாளுக்கு அரைச் சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வற்றும். நீர்வீழ்ச்சி ஓடினால் இன்னும் கூட. 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலமான தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் 60 லீற்றர். ஆறு வாளித் தண்ணீர் ஒரு நாளில் காணாமல் போனதே என்று பதறவேண்டியதில்லை. கச்சான் காலத்தில் அது வெயில் குடித்த தண்ணீராகவே இருக்கலாம்.

சந்தேகம் தீர ஒரு வாளிச் சோதனை இருக்கிறது. ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பித் தொட்டியின் படியிலோ கல்லிலோ, அதே வெயில் படும்படி வையுங்கள். வாளிக்குள்ளும் தொட்டிச் சுவரிலும் பென்சிலால் கோடு போடுங்கள். பம்பை நிறுத்தி 24 மணித்தியாலம் விடுங்கள். மீன் அதிகம் என்றால் ஒரு காற்றுப் பம்பை ஓடவிடலாம். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் தொட்டி ஒழுகவில்லை. அடுத்த நாள் பம்பை ஓடவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது தொட்டி மட்டும் மளமளவென்று குறைந்தால் கள்ளன் மேலே இருக்கிறான்.

அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு. மேசன் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, அடி வெடிச்சிருக்கு, முழுசாக் கொத்திப் புதுசாப் போடவேணும்” என்று சொல்லிவிட்டார். விலையும் பேசியாயிற்று. வளவைச் சுற்றிப் பார்த்தேன். புல்லெல்லாம் கருகிக் கிடந்த ஓகஸ்ட் மாதம். நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் நின்ற ஒரு வாழை மட்டும் மாரி காலத்து வாழைபோலக் கரும்பச்சையாக, அடியில் மண் சேறாக. அந்த வாழைக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. “அக்கா, அடியைக் கொத்த வேண்டாம், முதல்ல இந்த மேல் கல்லைக் கழற்றிப் பார்ப்பம்” என்றேன். கல்லைத் தூக்கியதும் விஷயம் தெரிந்தது. தண்ணீரில் ஒரு பங்கு கல்லின் முன்விளிம்பால் விழாமல், கல்லின் அடிப்புறத்தோடு ஒட்டிப் பின்னால் ஓடி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இது அடிக்கடி நடக்கும். தண்ணீருக்குக் கல்லோடு ஒட்டி ஓடும் குணம் உண்டு. விளிம்பு உருண்டையாக இருந்தாலோ, கல் பின்பக்கம் சாய்ந்திருந்தாலோ, ஓட்டம் மெதுவாக இருந்தாலோ, அது வளைந்து அடிப்பக்கம் போய்விடும். முன்விளிம்பு கூர்மையான தட்டைக் கல்லை, ஒரு சின்னச் சரிவு முன்னால் இருக்கும்படி வைக்கவேண்டும். கல்லை மாற்ற முடியாவிட்டால் விளிம்புக்கு ஒரு அங்குலம் உள்ளே, அடிப்புறத்தில் கிரைண்டரால் நீளவாட்டில் ஒரு கோடு வெட்டிவிடுங்கள். ஒட்டி வரும் தண்ணீர் அந்தக் கோட்டில் அறுந்து கீழே விழும். வீட்டுச் சன்ஷேட்டின் அடியில் மேசன் போடும் நீர்வெட்டுக் கோடும் இதே வேலைக்குத்தான்.

பின்னர் கற்களுக்கு இடையே இருக்கும் ஓட்டைகள். தண்ணீர் கல்லின் மேலால் போகாமல் இடுக்குகளுக்குள் புகுந்துவிடும். இதற்கு சீமெந்துச் சாந்து அவ்வளவு நல்லதில்லை. கல் கொஞ்சம் அசைந்தாலே விரிசல் விடும். ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் ஊதிப் பெருகும் ஃபோம் பேணி இதற்குத் தோதானது. மீன் தொட்டிக்கு உகந்தது என்று பேணியில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கல்லைக் கழுவி, லேசாக ஈரமாக்கி, இடுக்கின் ஆழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். நிரம்ப அடித்தால் ஊதிக் கல்லையே தூக்கிவிடும். அது இறுக முன் மேலே மணலைத் தூவினால் கண்ணுக்குத் தெரியாது. வெயில் பட்டால் ஃபோம் பொடிந்து போகும் என்பதால் மணல் அழகுக்கு மட்டுமானதில்லை.

காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகும். கச்சான் வீசும் பிற்பகலில் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். தாளாக விழும் தண்ணீர் ஒரு பக்கம் பறந்து தரையை நனைக்கும். நனைந்த தரையின் ஈரக்கோடே சாட்சி. அந்தப் பக்கம் ஒரு உயரமான கல்லை நிறுத்துங்கள், அல்லது விழும் உயரத்தைக் குறையுங்கள். காற்றுக் கூடிய நேரம் பம்பின் வால்வைக் கொஞ்சம் மூடிவிடுவதும் ஒரு வழி.

பம்பை நிறுத்தியும் தொட்டி குறைகிறதா? அப்படியென்றால் உண்மையான ஒழுக்கு. மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, தண்ணீர் தானாக எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்திருங்கள். நின்ற மட்டத்தில், சுற்றிவர எங்கோ ஓட்டை. பைப் சுவரைத் துளைத்து வரும் இடத்தை முதலில் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, சந்தேகமான வெடிப்புக்குப் பக்கத்தில் கேக்குக்குப் போடும் நிறச்சாயத்தை ஒரு துளி விடுங்கள். நிறம் கலையாமல் நூலாக வெடிப்புக்குள் இழுபட்டால் ஆள் அகப்பட்டான்.

கொங்கிறீட் வெடிப்பு என்றால் மேலே பூசிவிட்டுப் போகக் கூடாது. வெடிப்பை உளியால் கொஞ்சம் அகலமாக வெட்டி, தூசைக் கழுவி, ஈரமாக்கி, தண்ணீர் புகாத சாந்தால் அடைத்து, காய்ந்த பிறகு நீர்த்தடைப் பூச்சை இரண்டு தரம் அடிக்கவேண்டும். புதுச் சீமெந்து சுண்ணாம்பைக் கக்கும், அந்தத் தண்ணீரில் மீன் தாங்காது. தொட்டியை நிரப்பி, சில நாள் விட்டு, வெளியே இறைத்து, திரும்ப நிரப்பி என்று மூன்று நான்கு தரம் செய்யுங்கள். பீஎச் பார்க்கும் தாள் மீன் கடைகளில் இருக்கும். எட்டரைக்குக் கீழே வந்து அப்படியே நின்றால் மீனை விடலாம். விரிப்புத் தொட்டிக்கு அதே வகை விரிப்பில் ஒட்டுத் துண்டு போடவேண்டும். பிவிசிக்கு உரிய பசை ரப்பர் விரிப்பில் பிடிக்காது.

இந்த வேலைகளையெல்லாம் ஜூன் ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் விழும் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் ஜனவரி வரைதான். பள்ளக் காணிகளில் அப்போது கிணறு நிலமட்டத்துக்கு வந்துவிடும். அந்த நேரம் தொட்டியை வெறுமையாக்கினால் அடியிலிருந்து நிலத்தடி நீர் தள்ளி விரிப்பு பலூனாக எழும்பும். மெல்லிய கொங்கிறீட் அடியென்றால் நல்ல அடியும் வெடித்துவிடும்.

நீர்வீழ்ச்சி வீரியமில்லாமல் ஒழுகுகிறது

நேற்றுவரை நன்றாக விழுந்தது இன்று நூலாக ஒழுகுகிறதா, அல்லது நீங்கள் வந்த நாளிலிருந்தே இப்படியா? முதலாவது அடைப்பு. இரண்டாவது பெரும்பாலும் பம்பின் அளவுக் குறை.

அடைப்பு என்றால் பம்பை வெளியே எடுங்கள். வயரில் பிடித்துத் தூக்கக் கூடாது, வயர் உள்ளே நுழையும் இடத்தின் ரப்பர் தளர்ந்துவிடும். வெளிக்கூட்டைக் கழற்றினால் வேப்பிலைக் காம்பு, நூல்பாசி, சில வேளை ஒரு நத்தை. அதற்குள் வட்ட மூடி ஒன்று, அதைத் திருகினால் சின்னக் காற்றாடி போன்ற ஒரு துண்டு கையோடு வரும். அதன் வால்பகுதி காந்தம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு மணல் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்து மணலில் இரும்புத் தாது கலந்திருக்கிறது, காந்தம் அதை விடாது. பழைய பல்துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்து எடுங்கள். நடுவில் ஓடும் வெள்ளைப் பீங்கான் தண்டு பென்சில் ஈயத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு, நிலத்தில் விழுந்தால் இரண்டு துண்டு. அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர்த் தொப்பிகளைக் கழுவும்போது தவறவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் பம்ப் கடகடவென்று சத்தம் போடும். வெள்ளைப் படிவு இறுகியிருந்தால் வினாகிரியில் இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் நன்றாகக் கழுவிப் பூட்டுங்கள்.

பம்ப் சுத்தம், இருந்தும் ஓட்டம் இல்லை என்றால் பைப். மடிந்திருக்கிறதா, நீர்வீழ்ச்சியின் தலையில் தண்ணீர் வந்து சேரும் மேல் தொட்டிக்குள் வேர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். பைப்பின் தடிப்பையும் பாருங்கள். பம்பின் வாய் ஒரு அங்குலம், பைப் அரை அங்குலம் என்று குறுக்கி விட்டிருந்தால் எந்தப் பம்பும் திணறும்.

அளவுக் கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை. பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லீற்றர் என்று போட்டிருப்பது தண்ணீரை உயரத் தூக்காதபோது வரும் அளவு. கூடிய உயரம் 2.5 மீற்றர் என்று போட்டிருந்தால் அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. நடுவில் உள்ள உயரங்களில் நடுவில் உள்ள அளவு. உங்கள் நீர்வீழ்ச்சியில் உண்மையாக எவ்வளவு வருகிறது என்று அறிய, மேலே பைப் வாயில் 10 லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 12 செக்கனில் நிரம்பினால் மணிக்கு 3000 லீற்றர், 36 செக்கன் எடுத்தால் 1000. கண்ணாடித் தாளாக விழவேண்டுமென்றால் விளிம்பின் ஒவ்வொரு சென்ரிமீற்றர் அகலத்துக்கும் மணிக்கு 150 லீற்றர் அளவில் வேண்டும். 30 சென்ரிமீற்றர் விளிம்புக்கு 4500. கல்லில் சலசலத்து இறங்கினால் போதும் என்பவருக்கு அதில் பாதி தாராளம்.

பெரிய பம்ப் வாங்குமுன் மின்சாரக் கட்டணத்தையும் யோசியுங்கள். 60 வாற் பம்ப் நாள் முழுதும் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 43 அலகு. எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அந்த 43 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டால் முழுப் பட்டியலும் கனக்கும். பல இடங்களில் பம்பைப் பெரிதாக்குவதைவிட விளிம்பின் அகலத்தை இரண்டு கல் வைத்துக் குறுக்குவது மலிவு, பார்க்கவும் அழகு.

சுவிச்சைப் போட்டதும் ட்ரிப் சுவிச் விழுகிறது

இதில் விளையாட வேண்டாம். ட்ரிப் சுவிச் விழுவது கரன்ட் எங்கோ தண்ணீருக்குள்ளோ நிலத்துக்குள்ளோ கசிகிறது என்பதற்கு அடையாளம். திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது, அல்லது அதைத் தாண்டி வேறு இடத்தில் லைன் எடுப்பது, உயிரோடு விளையாடுவது.

பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு ட்ரிப் சுவிச்சைத் தூக்குங்கள். நின்றால் கோளாறு பம்பில் அல்லது அதன் வயரில். பிளக் கழற்றியும் விழுந்தால் வெளிச் சொக்கட்டில் ஈரம், அல்லது மண்ணுக்குள் போகும் வயர் பழுது. அது வயரிங் செய்பவரின் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம்.

இங்கே கடற்காற்றின் உப்புக்குத் தப்புவது குறைவு. பிளக்கின் பித்தளைப் பின்னில் பச்சை பூத்திருக்கும், சொக்கட்டுக்குள் திருகாணி கறள் பிடித்திருக்கும். பழைய வீடுகளில் உருண்டைப் பின் சொக்கட்டுக்குள் அடப்டர் ஒன்றைச் செருகி, அதில் சதுரப் பின் பிளக்கைப் பூட்டி, மழைக்கு மேலே ஒரு பொலித்தீன் பையைக் கட்டியிருப்பார்கள். அதை அப்படியே கழற்றி எறிந்துவிட்டு, மூடியுள்ள வெளிப்புறச் சொக்கட்டு ஒன்றைத் தொட்டி மட்டத்துக்கு நல்ல உயரத்தில் பூட்டச் சொல்லுங்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் அந்த லைனில் இருக்கிறதா என்று கேளுங்கள். வயரில் தண்ணீருக்குள் ரேப் சுற்றிய மூட்டு எதுவும் இருக்கக் கூடாது. அப்படி ஒன்றைக் கண்டால் பம்பையே மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது, கல்லில் நூலாகப் பாசி

வெயிலும் மீன் எச்சமும் சேர்ந்தால் பாசி வராமல் என்ன செய்யும்? தண்ணீரை முழுக்க மாற்றினால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும், இன்னும் உற்சாகமாக. தீனியைக் குறையுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். தண்ணீர் மேற்பரப்பில் பாதிக்கு நிழல் வேண்டும். அல்லியோ தாமரையோ வையுங்கள். ஆற்றுவாழையைக் கொண்டுவந்து போட வேண்டாம். அதைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவு தொல்லை. நீர்வீழ்ச்சிக் கல்லில் உள்ள நூல்பாசியைப் பம்பை நிறுத்திவிட்டுத் தும்புத்தடியால் உரசி, கையால் சுருட்டி எடுத்து வெளியே போடுங்கள். தென்னைக்கு நல்ல பசளை. பாசி மருந்து கடைசி வழி. ஒரேயடியாகச் செத்த பாசி அழுகி ஒட்சிசனைத் தின்றுவிடும். 30 பாகைச் சூட்டில் தண்ணீர் தாங்கும் ஒட்சிசன் லீற்றருக்கு 7.5 மில்லிகிராம்தான், அதிலும் பங்கு போனால் மீன் விடியற்காலையில் வாயை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படிக் கண்டால், கரன்ட் இல்லாத நேரமென்றாலும் சரி, வாளியால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். குழாய்த் தண்ணீரின் குளோரின் பஞ்சிலுள்ள நல்ல பக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளி அள்ளிப் பிழிந்து எடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கு விடும்போதும் ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு விடுங்கள்.

கல்லில் வெள்ளைப் பூப்பு

கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் கரைந்த உப்புக்கள் கூட. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை நிரப்பிக்கொண்டே வந்தால் கச்சான் முடியும்போது தொட்டித் தண்ணீர் கிணற்றைவிட உவராகிவிடும். வாரத்துக்கு ஒரு தரம் பத்தில் ஒரு பங்கை வெளியே இறைத்துவிட்டுப் புதிதாக விடுங்கள். படிந்ததை வினாகிரியும் பிரஷும் கொண்டு, தண்ணீர் ஓடாதபோது தேய்க்கலாம். கட்டினவர் அழகுக்கு முருகைக்கல் அடுக்கியிருந்தால் அதுவும் மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். உடைந்துபோனால் கடலிலிருந்து புதிது எடுத்து வராதீர்கள், அது சட்டவிரோதம். கருங்கல் வையுங்கள்.

நுரை, சத்தம், சரிந்த கல்

வெள்ளை நுரை விழும் இடத்தில் மட்டும் இருந்து உடனே உடைந்தால் ஒன்றுமில்லை. மிதந்து திரிந்தால் தீனி கூடிவிட்டது, அல்லது யாரோ சவர்க்காரத் தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றுகிறார்கள். பம்ப் உறிஞ்சும் சத்தம் போட்டால் தொட்டியில் தண்ணீர் குறைவு. உடனே நிறுத்துங்கள், வறண்டு ஓடினால் கருகிவிடும். விளிம்புக் கல் அடிக்கடி சரிகிறதென்றால் இரவில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நகரத்துக்குள் கோட்டைப் பக்கத்து மான்கள் தண்ணீர் தேடி வளவுகளுக்குள் வருவது புதிதில்லை. குடிக்கும்போது முன்காலை விளிம்பில் ஊன்றும். விரட்டிப் பயனில்லை. வெளிப்பக்கம் ஒரு தாழ்வான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டால் அது அங்கேயே குடித்துவிட்டுப் போகும்.

நுளம்புக் குடம்பி

ஓடும் தண்ணீரில் நுளம்பு முட்டை இடாது என்ற நம்பிக்கையில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஓடாத தண்ணீர் கல்லுக்குப் பின்னால் உள்ள குழிகளில், வடிகட்டிப் பெட்டியின் மூடியில், மேல் தொட்டியின் மூலையில் நிற்கும். டெங்கு நுளம்புக்கு அந்தச் சிரட்டை அளவுத் தண்ணீரே போதும். முட்டையிலிருந்து நுளம்பாக வர ஏழு முதல் பத்து நாள். 2017 இன் தொடக்கத்தில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து பார்க்கலாம், வழக்கும் போடலாம். தொட்டிக்குள் கப்பி மீன் விடுங்கள், அது குடம்பியைத் தேடித் தின்னும். கல்லிடுக்குக் குழிகளை மணலும் சாந்தும் போட்டு நிரப்புங்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் கொழும்புக்குப் போகிறீர்களென்றால் இரண்டே வழி. பக்கத்து வீட்டில் திறப்பைக் கொடுத்து, பம்ப் ஓடுகிறதா, தண்ணீர் மட்டம் பம்புக்கு மேலே நிற்கிறதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் பம்பை நிறுத்தி, மேல் தொட்டியையும் வடிகட்டிப் பெட்டியையும் முழுதாக இறைத்துத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, கீழ்த் தொட்டியில் கப்பி இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு போங்கள். தங்கமீனும் கோய் மீனும் நிறைய வைத்திருப்பவருக்கு இரண்டாவது வழி சரிவராது, அவர் ஆளைத் தேடத்தான் வேண்டும்.